கடல் கடந்த முரசு

எங்கள் பாட்டனார் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி கிடந்தது. ‘சிங்கப்பூர்ப் பெட்டி’ என்பது அதற்கு வீட்டார் இட்டு வழங்கிய பெயர். பாட்டனாரின் தமையனார் இளமையில் கடல் கடந்து சென்று, பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பியபோது தம்முடன் கொண்டுவந்த பெட்டி அது. நான் சிறுவனாக இருந்தபோது, பொங்கலுக்கு வீடு வெள்ளையடிப்பதற்காக ஒரு முறை பரணை ஒழித்தார்கள். அப்போது அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த பொருள்கள் எல்லாம் எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டன. அடியில் விரித்திருந்த ஒரு செய்தித்தாள் மட்டும் எஞ்சியிருந்தது. தாள் பழுப்பேறி, தேதியிருந்த மூலை பொடிந்து போயிருந்தது. ஆயினும் ரப்பர் விலையும் கப்பல் புறப்படும் நாளும் படிக்கக்கூடிய நிலையில் இருந்தன. மேலே பெரிய எழுத்தில் ‘தமிழ் முரசு’ என்றிருந்தது.

“சிங்கப்பூரில் தமிழ்ப் பத்திரிகையை யார் தாத்தா படிப்பார்கள்?” என்று கேட்டேன். பாட்டனார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்களா என்ன?” என்றார்.

அந்த மறுமொழியின் ஆழம் அன்று எனக்கு விளங்கவில்லை. பிற்காலத்தில், வகுப்பறையில் வரலாறு கற்பிக்கும் பேறு வாய்த்தபோதுதான் சிறிது சிறிதாக விளங்கலாயிற்று. பிழைக்கப் போன இடம் எப்போது சொந்த நாடாகிறது? அதை முடிவு செய்பவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை தேடுவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒரு பத்திரிகை ஆசிரியரைப் பற்றி மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். அவர் பெயர் கோ. சாரங்கபாணி. சிங்கப்பூர், மலாயாத் தமிழர்கள் அவரைத் ‘தமிழவேள்’ என்று அன்போடு அழைத்தனர்.

ஓர் ஆசிரியரை அறிய வேண்டுமானால், முதலில் அவருடைய வாசகரை அறிதல் வேண்டும். சாரங்கபாணியின் வாசகர் யாவர்? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்றவர்கள். தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள். நகராட்சியில் சாலை போட்டவர்கள். கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள். சிறு வணிகரும் எழுத்தரும் ஆசிரியரும் அவர்களோடு இருந்தனர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சிங்கப்பூரில் இருந்த இந்தியர் ஏறத்தாழ 50,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர், ஆண்களே மிகுதி. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, சில ஆண்டுகள் உழைத்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும் என்பதே பலருடைய எண்ணம்.

இந்த எண்ணத்தை நாம் குறை கூறலாகாது. ஊரில் வீடு இருந்தது, பெற்றோர் இருந்தனர், குலதெய்வம் இருந்தது. ஆனால் அதனால் நேர்ந்த விளைவொன்றையும் காண வேண்டும். நாளைக்குப் போய்விடுவோம் என்று இருப்பவன், இன்று தங்கியிருக்கும் இடத்தைச் செப்பனிட மாட்டான். சத்திரத்தில் இரவு தங்குபவன் ஒழுகும் கூரையை வேய்வானா? அதுபோல, பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், உழைப்புக்கு நியாயமான கூலி வேண்டும், சட்டமன்றத்தில் நமக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்னும் நினைவு அங்கே எளிதில் எழவில்லை. ஊரிலிருந்து கப்பலேறியபோது மூட்டையோடு மூட்டையாகச் சாதி வேற்றுமையும் உடன் ஏறிச் சென்றது. மாலை வேளையில் கள்ளுக்கடை கூலியில் ஒரு பங்கைப் பறித்துக்கொண்டது.

இத்தகைய மக்களுக்குத் தமிழில் செய்தித்தாள் நடத்தும் முயற்சி சாரங்கபாணிக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1875ஆம் ஆண்டில் ‘சிங்கை வர்த்தமானி’ என்னும் இதழ் வெளிவந்ததாக அறிகிறோம். 1887ஆம் ஆண்டில் சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கி 1890 வரை நடத்தினார். கோலாலம்பூரில் 1924ஆம் ஆண்டு தோன்றிய ‘தமிழ் நேசன்’ நெடுங்காலம் நிலைத்து நின்று, 2019ஆம் ஆண்டில்தான் ஓய்ந்தது. ஆயினும் சிங்கப்பூரில் தோன்றிய தொடக்கக் கால இதழ்கள் நீண்ட நாள் வாழவில்லை. படிக்கத் தெரிந்தவர் சிலர். அவர்களுள்ளும் பணம் கொடுத்து வாங்கக்கூடியவர் மிகச் சிலர். அச்சிலருடைய ஆதரவு தளர்ந்தால் இதழும் தளர்ந்துவிடும்.

கோவிந்தசாமி சாரங்கபாணி 1903ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். 1924ஆம் ஆண்டில், தமது இருபத்தொன்றாம் வயதில் சிங்கப்பூர் சேர்ந்தார். பத்திரிகை நடத்துவதற்காக அவர் போகவில்லை. ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலை அவருக்குக் கிடைத்தது. வரவு செலவை ஒழுங்காகப் பார்க்கும் அந்தப் பயிற்சி பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் துணைநின்றிருக்கும் என்று கருதுகிறேன். ஆர்வத்தால் தொடங்கிய இதழ்கள் பல, கணக்கால் மூடப்பட்டிருக்கின்றன அன்றோ?

அக்காலத்தில் தமிழ்நாட்டில் பெரியார் ஈ. வெ. இராமசாமி தோற்றுவித்த சுயமரியாதை இயக்கம் வேகமாகப் பரவி வந்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வருகை தந்தார். அவ்வாண்டிலேயே சிங்கப்பூரில் ‘முன்னேற்றம்’ என்னும் சீர்திருத்த இதழ் வெளிவரத் தொடங்கியது. சாரங்கபாணி அதனோடு தொடர்பு கொண்டு எழுதலானார். 1932ஆம் ஆண்டில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் நிறுவப்பட்டபோது அதன் முன்னணித் தொண்டர்களுள் ஒருவராக விளங்கினார். கல்வி வளர்ச்சி, மது விலக்கு, சாதி ஒழிப்பு, சிக்கனமான திருமணம் ஆகியவை அச்சங்கத்தின் நோக்கங்கள்.

சங்கத்தின் கருத்துகளைக் கூட்டம் போட்டுச் சொன்னால் கூட்டத்துக்கு வந்தவர்கள் மட்டுமே கேட்பார்கள். தோட்டத்தில் இருப்பவனுக்கும் துறைமுகத்தில் இருப்பவனுக்கும் அவை எட்ட வேண்டுமானால் ஓர் ஏடு வேண்டும். அவ்வேடாக 1935ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் ‘தமிழ் முரசு’ பிறந்தது. முதலில் அது வார இதழ். விலை ஒரு காசு. நூறு காசு கொண்டது ஒரு வெள்ளி என்பது அந்நாட்டு நாணயக் கணக்கு. நாள் முழுவதும் உழைக்கும் கூலியாளும் வாங்கத்தக்க விலை வைத்ததிலேயே அவ்விதழின் நோக்கம் புலனாகிறது. அடுத்த ஆண்டில் சாரங்கபாணி அதனைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். வாரம் ஒரு முறை வந்தது வாரம் மும்முறை ஆகி, 1937ஆம் ஆண்டிற்குள் நாளிதழாக உயர்ந்தது.

நாளிதழ் ஒன்றை அந்நாளில் தமிழில் நடத்துவது எத்துணை அரிது என்பதை இக்காலத்து மாணவர்கள் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன்று விசைப்பலகையில் விரல் பட்டவுடன் எழுத்து திரையில் தோன்றுகிறது. அன்று ஒவ்வோர் எழுத்தும் ஈயத்தில் வார்க்கப்பட்ட தனித்தனி அச்சு. அச்சுக்கோப்பவர் பல அறைகள் கொண்ட மரத்தட்டின் முன் நின்று, ஓர் எழுத்தை எடுத்து, அடுத்ததை அதன் பக்கத்தில் வைத்து, வரி வரியாகக் கோக்க வேண்டும். ஆங்கிலத்திற்கு இருபத்தாறு எழுத்து. பெரிய எழுத்தைச் சேர்த்தால் அதைப்போல் இரு மடங்கு. தமிழிலோ உகர ஊகார வரிசைகள் மெய்தோறும் வடிவம் மாறுவன. ஆதலின் தட்டுகளும் மிகுதி. கை நடக்கும் தொலைவும் மிகுதி. எழுத்து தேய்ந்தால் உடனே பக்கத்து ஊரிலிருந்து வாங்கிவிடவும் இயலாது.

செய்தி வரும் வழியும் எளிதன்று. உலகச் செய்திகள் தந்தி மூலமாக ஆங்கிலத்தில் வரும். ஊர்ச் செய்திகளைத் தாங்கிய இதழ்களும் கடிதங்களும் கப்பலில் ஏறத்தாழ ஒரு வாரம் பயணம் செய்து வரும். ஆங்கிலத் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு, தோட்டத் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் அதை எழுத வேண்டும். அதுவும் அச்சுக்கோப்பவர் காத்திருக்கையில் எழுத வேண்டும். ‘தொழிற்சங்கம்’, ‘தேர்தல்’, ‘குடியுரிமை’ போன்ற சொற்கள் இன்று நமக்குப் பழகிய சொற்கள். ஆனால் ஒரு சொல்லை நாள்தோறும் எழுதி மக்கள் வாயில் பழக்கி வைக்கும் தொண்டில் செய்தித்தாளுக்குப் பெரும் பங்கு உண்டு. அகராதி ஒரு சொல்லைப் பதிந்து வைக்கிறது. பத்திரிகை அதை நடமாட விடுகிறது.

மேலும் ஒன்றை மறத்தலாகாது. ஒரு படியை வாங்கியவர் ஒருவர், கேட்டவரோ பலர். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றிலும் அமர்ந்து மற்றவர்கள் கேட்பது அக்காலத்து வழக்கம். ஆகவே கண்ணுக்கு மட்டுமன்றிக் காதுக்கும் விளங்கும்படி எழுத வேண்டிய கடமை ஆசிரியருக்கு இருந்தது. வானொலியில் பேசுவோர்க்கும் அதுவே கடமை என்பதை இங்கு நினைவுகூர்கிறேன்.

இனி, அவ்வேட்டில் சாரங்கபாணி எடுத்துக்கொண்ட பொருள்களைக் காண்போம். முதலாவது, சமூகச் சீர்திருத்தம். மதுவினால் வரும் கேடு, கோயிலில் சாதி வேற்றுமை, உயிர்ப்பலி, தீமிதித்தல் ஆகியவற்றைக் கண்டித்துத் தமிழர் சீர்திருத்தச் சங்கம் இயக்கம் நடத்தியது. தமிழ் முரசு அவ்வியக்கத்தின் குரலாயிற்று. இவற்றை எழுதுவோர்க்கு நண்பரைவிடப் பகைவரே விரைவில் சேர்வர். பத்திரிகை வாங்குபவரின் பழக்கத்தையே பத்திரிகை கண்டிக்குமாயின் விற்பனை குறையும் என்பது வணிகம் அறிந்த எவருக்கும் தெரியும். கணக்கெழுதிப் பழகிய சாரங்கபாணிக்கு அது தெரியாதா? தெரிந்தே எழுதினார். எழுதியவாறு வாழவும் செய்தார். 1937ஆம் ஆண்டில் சீன மரபைச் சேர்ந்த ஒரு பெண்மணியை மணந்து, மனிதரைப் பிரிக்கும் வேலிகளில் தமக்கு நம்பிக்கையில்லை என்பதைத் தம் இல்லத்திலேயே காட்டினார்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. தமிழ் முரசு நின்றது. 1945ஆம் ஆண்டு செப்டம்பர் வரையிலான அந்த மூன்றரை ஆண்டுகள் தென்கிழக்காசியத் தமிழர் வாழ்வில் இருள் சூழ்ந்த காலம். சயாம்–பர்மா இரயில் பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர் பலர் மீளவே இல்லை. இன்னொரு புறம், நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் 1943ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, தோட்டத்துத் தமிழ் இளைஞர் பலர் அதில் சேர்ந்தனர். கங்காணிக்குக் குனிந்து பழகிய முதுகு அப்போதுதான் நிமிர்ந்தது எனலாம்.

போருக்குப் பின் தமிழ் முரசு மீண்டும் ஒலித்தது. 1946ஆம் ஆண்டில் சாரங்கபாணி ‘இந்தியன் டெய்லி மெயில்’ என்னும் ஆங்கில நாளிதழையும் தொடங்கினார். தமிழுக்கு உழைத்தவர் ஆங்கில ஏட்டை ஏன் தொடங்கினார் என்று நீங்கள் கேட்கலாம். நம் குறைகளை நமக்குள் பேசிக்கொள்ளத் தமிழ் ஏடு போதும். ஆனால் அவற்றை அரசாங்கத்துக்கும், தமிழறியாத இந்தியருக்கும், பிற இனத்தாருக்கும் எடுத்துரைக்க அவர்கள் படிக்கும் மொழியில் ஓர் ஏடு வேண்டும். ஒன்று வீட்டுக்குள் நோக்கும் சாளரம். மற்றொன்று தெருவை நோக்கும் வாயில்.

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு வருகிறோம். தங்குவதா, திரும்புவதா? போருக்கு முன்பே நிலைமை மாறத் தொடங்கியிருந்தது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளரை உதவிப் பயணமாக அனுப்புவதைத் தடை செய்தது. புதிதாக வருவோர் குறைந்தனர். இருப்போர் குடும்பத்தோடு நிலைத்தனர். 1947ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் இந்தியர் சுமார் 69,000 பேர். 1957ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,25,000 பேர். அங்கேயே பிறந்து, அங்கேயே பள்ளியில் பயின்று, தந்தையின் ஊரைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள் பெருகினர். இந்தியா 1947ஆம் ஆண்டில் விடுதலை பெற்றது. அடுத்துச் சிங்கப்பூரும் மலாயாவும் விடுதலை பெறும் காலம் நெருங்கியது. வெள்ளையர் போன பின் அந்நாட்டில் தமிழனுடைய இடம் யாது?

இதற்குச் சாரங்கபாணி கண்ட விடை இரு பகுதிகள் கொண்டது. நாட்டால் சிங்கப்பூரராகுக, மொழியால் தமிழராக நிலைபெறுக என்று அதைச் சுருக்கிக் கூறலாம். முதற்பகுதி இல்லாவிடில் தமிழர் அந்நாட்டில் என்றும் அயலாராகவே இருப்பர். இரண்டாம் பகுதி இல்லாவிடில் இரண்டு தலைமுறையில் தமிழர் என்ற பெயரே மறைந்துவிடும்.

இரண்டாம் பகுதிக்காக அவர் செய்தவை பல. பல சங்கங்களாகப் பிரிந்து கிடந்த தமிழரை 1951ஆம் ஆண்டில் ஒரு பொதுச் சபையின்கீழ் இணைக்க முனைந்தார். 1952ஆம் ஆண்டு முதல் பொங்கலையொட்டித் ‘தமிழர் திருநாள்’ கொண்டாடும் வழக்கத்தைத் தோற்றுவித்தார். இதன் உட்பொருளைக் கவனித்தல் வேண்டும். தீபாவளியும் இரம்சானும் கிறிஸ்துமசும் அவ்வச் சமயத்தார்க்கு உரியவை. தமிழ் பேசும் இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒருங்கே அமரத்தக்க பந்தி ஒன்று தேவைப்பட்டது. மொழியின் பெயரால் ஒரு திருநாள் அமைந்தபோது அது கிடைத்தது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, இசை, நாடகம் என்று இளைஞர்கள் அத்திருநாளை நாடினர்.

மாணவர்களாகிய உங்கள் கருத்துக்கு உரியது மற்றொன்று. 1950களின் தொடக்கத்தில் தமிழ் முரசு ‘மாணவர் மணிமன்றம்’ என்னும் பகுதியைத் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகள் எழுதியவற்றை வெளியிட்டது. ஒரு சிறுவனுக்குத் தன் பெயர் அச்சில் வரக் காண்பது எத்தகைய மகிழ்ச்சி என்பதை, பள்ளிக் கையெழுத்து ஏட்டில் எழுதியவர்களும் அறிவர். அம்மகிழ்ச்சி பிறகு பழக்கமாகி, பழக்கம் திறமையாயிற்று. அப்பக்கங்களில் கைபழகியவர் பலர் பிற்காலத்தில் எழுத்தாளரும் ஆசிரியரும் பத்திரிகையாளரும் ஆயினர். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பணிபுரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தேர்வுக்காக எழுதிய கட்டுரையை மாணவன் மறந்துவிடுவான், தானே விரும்பி எழுதி, பிறர் படித்த நாலு வரியை மறக்கவே மாட்டான்.

பள்ளியோடு அவர் நின்றுவிடவில்லை. அந்நாளில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று வாதாடினார். துறை அமைந்தால் மட்டும் போதாது, நூல்கள் வேண்டும். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரால் நிதி திரட்டும்படி தமிழ் முரசு வேண்டுகோள் விடுத்தது. செல்வர் மட்டுமல்லர், எளிய தொழிலாளரும் தம் கூலியிலிருந்து கொடுத்தனர். தம் வாழ்நாளில் பல்கலைக்கழக வாயிலை மிதியாத கைகள் அதன் நூலகத்துக்கு நூல் வாங்கிக் கொடுத்தன. அத்துறை 1956ஆம் ஆண்டில் அமைந்தது. பின்னர் கோலாலம்பூருக்கு மாறிய அத்துறையில் தனிநாயக அடிகள் பேராசிரியராக விளங்கினார். அவருடைய பெருமுயற்சியால் 1966ஆம் ஆண்டில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

விடையின் முதற்பகுதி இதைவிடக் கடினமானது. 1957ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. நாட்டில் நிலைத்து வாழ்வோர் பதிவு செய்துகொண்டு குடிமக்கள் ஆகலாம் என்னும் வாய்ப்பு உண்டாயிற்று. சாரங்கபாணி இதைப் பெரிய இயக்கமாகவே எடுத்துக்கொண்டார். பதிவு செய்யுமாறு ஏட்டில் வற்புறுத்தினார், கூட்டங்களில் பேசினார், மனு எழுதத் தெரியாதவர்களுக்கு உதவி கிடைக்கச் செய்தார்.

இதில் என்ன கடினம் என்று தோன்றலாம். அந்தத் தொழிலாளியின் நிலையில் நின்று பாருங்கள். வேறொரு நாட்டின் குடிமகனாகப் பதிந்துகொண்டால், பிறந்த நாட்டின் குடியுரிமையை அதனோடு சேர்த்து வைத்துக்கொள்ள இந்தியச் சட்டம் இடந்தரவில்லை. தாய் மண்ணை விட்டுக்கொடுப்பதாக அவன் உள்ளம் பதறும். ஊரில் கிடக்கும் காணி நிலம் என்னாகும்? வயதான தாய்க்கு ஒன்று நேர்ந்தால் போய்வர முடியுமா? இவை ஒரு புறம். மறுபுறம், பதியாமல் விட்டால் வாக்குரிமை இல்லை. வாக்குரிமை இல்லாதவனுடைய குரலை ஆள்வோர் கேட்கமாட்டார். தள்ளிப்போடவும் இயலாது. தெரிந்தெடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. அந்நாளில் ஊர்ப்பாசத்தைத் தூண்டிவிட்டு விற்பனையைப் பெருக்கிக்கொள்வது ஓர் ஆசிரியருக்கு எளிது. சாரங்கபாணி அவ்வழியில் செல்லவில்லை. வாசகர் கேட்க விரும்பியதை விடுத்து, அவர்களுக்குத் தேவையானதைச் சொன்னார்.

அவர் வாழ்வில் வெற்றி மட்டுமே இருந்தது என்று கூறினால் அது வரலாறாகாது. 1963ஆம் ஆண்டில் தமிழ் முரசின் தொழிலாளரே வேலைநிறுத்தம் செய்தனர். ஏடு ஏறத்தாழ ஓராண்டு காலம் வெளிவரவில்லை. உழைப்பாளருக்காக ஒலித்த முரசு, தன் உழைப்பாளரோடு உடன்பாடு காண இயலாமல் ஓய்ந்தது. அந்த இடைவெளியில், 1964ஆம் ஆண்டில், ‘தமிழ் மலர்’ என்னும் மற்றொரு நாளிதழ் எழுந்தது. யார்பக்கம் நியாயம் என்று இன்று இங்கிருந்து தீர்ப்புக் கூற நான் முன்வரவில்லை. ஆனால் ஒன்று கூறுவேன். பத்திரிகை என்பது கொள்கை மட்டுமன்று. கூலியும் தாளும் மையும் வாடகையும் சேர்ந்ததுதான் பத்திரிகை. கொள்கையை எழுதும் கையும் கூலி கொடுக்கும் கையும் ஒன்றேயாகும்போது, அந்த மனிதரின் சுமை இரட்டிப்பாகிறது. ஆசிரியரே உரிமையாளராகவும் இருந்த இதழ்கள் பலவற்றுக்கு இத்தகைய சோதனை வந்திருக்கிறது.

மீண்டும் 1964ஆம் ஆண்டில் முரசு ஒலிக்கத் தொடங்கியது. 1965ஆம் ஆண்டு சிங்கப்பூர் தனிக் குடியரசானபோது மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகளாக நிலைபெற்றன. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர் பேசும் மொழி, ஒரு நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. இதை ஒரு தனி மனிதரின் சாதனை என்று கூறுதல் மிகையாகும். பல இனத்தாரையும் ஒருங்கே அணைத்துச் செல்ல விரும்பிய தலைவர்களின் கொள்கையும், ஆசிரியர்களும் சங்கங்களும் ஆற்றிய தொண்டும் அதில் கலந்துள்ளன. எனினும், கேட்பதற்கு ஒரு மக்கள் கூட்டம் விழித்திருந்தால்தான் கொடுப்பவர்க்கும் கொடுக்கத் தோன்றும். அவ்விழிப்பை முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் உண்டாக்கி வந்தவர்களுள் சாரங்கபாணிக்கு முதன்மையான இடம் உண்டு.

1974ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் அவர் மறைந்தார். அவருக்குப் பின்னரும் தமிழ் முரசு நிற்கவில்லை. உரிமை கைமாறியும், அச்சு முறை மாறியும், இன்றும் சிங்கப்பூரில் தமிழ் நாளிதழாக வெளிவருகிறது.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை வெளிநாடு செல்வீர்கள். கப்பலில் ஒரு வாரம் சென்ற தொலைவை வானூர்தியில் நான்கு மணி நேரத்தில் கடப்பீர்கள். தகரப் பெட்டிக்குப் பதில் சக்கரம் பொருத்திய பெட்டி இருக்கும். ஆனால் பெட்டி மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. நான் இங்கே விருந்தினனா, வீட்டுக்காரனா? இந்த மண்ணுக்கு நான் செய்ய வேண்டியது யாது? என் பிள்ளை எந்த மொழியில் என்னோடு பேசும்? இவற்றை ஒவ்வொருவரும் தனியே எண்ணி வருந்துவது வேறு. ஒரு மக்கள் கூட்டம் முழுவதும் ஒன்றாக எண்ணிப் பார்ப்பது வேறு. தனித்தனிக் கவலையைப் பொதுச் சிந்தனையாக மாற்றித் தருவதுதான் நல்ல பத்திரிகை ஆசிரியரின் தொழில். திருவாரூரிலிருந்து கணக்கெழுதப் போன இளைஞர் அத்தொழிலைச் செய்தார்.

எங்கள் பாட்டனாரின் தமையனார் திரும்பி வந்தவர். அதனால் அவருடைய பெட்டி எங்கள் பரணுக்கு வந்தது. அவரோடு கப்பலேறியவர்களுள் பலர் வரவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அந்நாட்டின் குடிமக்கள். வகுப்பில் தமிழ்ப் பாடம் படிக்கிறார்கள். தம் நாட்டுத் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். வராதவர்களுக்காகத்தான் அந்த ஏடு அச்சாயிற்று என்பது, பெட்டியின் அடியில் கிடந்த தாளைக் கையில் எடுத்த சிறுவனுக்கு அன்று தெரியவில்லை. அத்தாளைப் பத்திரமாக வைத்திருந்திருக்கலாமே என்று இன்று எண்ணுகிறேன். அன்று வெள்ளையடித்து முடிந்தபின், பழந்தாள்களோடு அதுவும் அடுப்புக்குப் போய்விட்டது.